பத்தாண்டு ஆட்சியும் பறங்கியர் பாட்டும்

1959 ஆம் ஆண்டு வெளிவந்த ஜோவாவோ ஜில்பெர்ட்டோவின் 'ஷேகா டி சவுடாடி' என்னும் பிரேசிலிய இசைத்தட்டு மாங்கேணிக் கரையில் ஒலிப்பின், முதன்முறை கேட்போர் அதனை அந்நிய இசையென்றே கொள்வர். ஆயின், தெற்கே மட்டக்களப்பு நகரில் வாழும் பறங்கியருக்கு அதன் சில சொற்கள் பழகியவை.

1500 இல் பிரேசிலைத் தொட்ட கப்ராலின் கப்பல்கள் அவ்வாண்டிலேயே கோழிக்கோட்டையும் அடைந்தன. போர்த்துக்கேயர் 1628 இல் மட்டக்களப்பிற் கோட்டை அமைத்தனர். 1638 இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். ஆட்சி பத்தாண்டுகளே நிலைத்தது. மொழியோ கலப்புருவில் இன்றும் வாழ்கின்றது. பறங்கியர் மணவீடுகளிற் கபிரிஞ்ஞா ஆடப்படுகின்றது. அதிலும், அவ்விசைத்தட்டுக்கு அடித்தளமான சம்பாவிலும் ஆபிரிக்கர் தாளம் கலந்துள்ளது.

கோட்டை காக்காததை வீட்டுப் பேச்சும் பாட்டும் காத்தன. பேசுவோர் அருகிவரும் இந்நாளில் அவற்றைப் பதிவுசெய்தல் வரலாற்று மாணவர் கடனாகும்.