பல்சக்கரம் கற்பிக்கும் பாடம்

'அழைத்தல்' என்ற சொல்லைக் கேட்டதும் குருமடத்தையும் கன்னியர் மடத்தையும் நினைப்பது நம் வழக்கம். பட்டறையிலும் கழனியிலும் பள்ளியிலும் பணியாற்றும் பொதுநிலையினருக்கும் அழைத்தல் உண்டு என்பதைப் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம். பொதுத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் நம் இல்லங்களில் எழும் முதற்கேள்வி, "இந்த மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும்?" என்பதே. "இந்தப் பிள்ளையின் மனமும் கையும் எதன்மேல் படிகின்றன?" என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இந்த இரண்டாம் கேள்விக்கு விடை தேட, மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் மலை இரயிலின் வரலாறு நமக்குத் துணை செய்யும்.

மேட்டுப்பாளையம் வரை இரயில் வந்தது 1873-இல். அதற்கும் முன்பே, 1854-இல், நீலகிரிக்கு இருப்புப்பாதை அமைக்கும் எண்ணம் தோன்றிவிட்டது. ஆயினும் வேலை தொடங்கியது 1891-இல்தான். பணியை ஏற்ற முதல் நிறுவனம் பணமுடையால் கலைந்தது. வேறு கைகளுக்கு மாறி, 1899 ஜூனில் குன்னூர் வரை இரயில் ஏறியது. 1908-இல் உதகையை எட்டியது. கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,203 மீட்டர் வரை ஏறும் இந்த 46 கிலோமீட்டர் பாதையை, 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

கல்லாற்றைத் தாண்டியதும் செங்குத்தான ஏற்றம் தொடங்குகிறது. வழுவழுப்பான தண்டவாளத்தில் வழுவழுப்பான சக்கரம் அத்தகைய ஏற்றத்தில் வழுக்கும். ஆகவே குன்னூர் வரை இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் பதிக்கப்பட்டுள்ளன. எஞ்சினின் அடியிலுள்ள பல்சக்கரம் அவற்றைப் பற்றிப் பற்றி மேலேறுகிறது.

ஐரோப்பாவில் இம்முறையால் மலையேறிக் காட்டியவர் நிக்கொலாஸ் ரிக்கன்பாக். 1817-இல் அல்சாசில் பிறந்த அவர், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் பிள்ளைகளோடு சுவிட்சர்லாந்தின் பாசெல் நகருக்குக் குடிபெயர்ந்தார். இயந்திரத் தொழில் பயின்ற இளைஞர் வேலை தேடிப் பாரிசுக்குச் சென்றார். அங்கே புதிதாக ஓடத் தொடங்கியிருந்த இரயிலைக் கண்டதும், தம் வாழ்வு இனி நீராவி எஞ்சினுக்கே என்று உறுதி பூண்டார்.

இரயிலைக் கண்டு வியந்தவர்கள் அந்நகரில் ஆயிரமாயிரம் பேர் இருந்திருப்பர். வியப்பை வாழ்க்கையாக மாற்றியது அவருடைய ஒழுங்கு. பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலை வகுப்புகளில் கணிதமும் இயற்பியலும் கற்றார். 1840-இல் ஜெர்மனியின் கார்ல்சுரூவ நகரில் எஞ்சின் கட்டும் தொழிலகத்தில் சேர்ந்தார். பின்னர் சுவிட்சர்லாந்தின் ஓல்டன் நகரில் இரயில்வே பணிமனைக்குத் தலைவரானார். ஏற்றங்களில் சக்கரம் வழுக்குவதைப் பன்முறை பார்த்துப் பல்சக்கர முறையை வகுத்து, 1863-இல் காப்புரிமை பெற்றார். ரிகி மலைமேல் அவருடைய இரயில் ஏறியது 1871 மே 21-ஆம் நாள். அன்று அவருக்கு 54 வயது நிறைந்தது. எஞ்சின் தொழிலகத்தில் சேர்ந்த நாள் முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன!

நீலகிரிப் பாதைக்கும் 1880-களில் அவரே திட்டம் அளித்தார். ஆனால் இங்கு அமைந்தது, ஓல்டனில் அவரிடம் பணியாற்றிய ரோமன் ஆப்ட் திருத்திய முறை. இதில் இரு பற்பட்டைகள் அருகருகே உள்ளன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி இருக்கும். ஆகவே எந்த நொடியிலும் பிடி முற்றிலும் விடுபடுவதில்லை. குன்னூர் வரை இரயில் ஓடத் தொடங்கிய அடுத்த மாதமே ரிக்கன்பாக் இறந்தார். தம் நினைவுகளை நூலாக்கியபோது தலைப்பில் தம்மை அவர் 'பழைய மெக்கானிக்' என்றே குறித்திருந்தார்.

இதே மலையடிவாரக் கொங்கு நாட்டிலும், ஒரு வண்டியைக் கண்ட மாத்திரத்தில் வாழ்வின் திசை தெளிந்த இளைஞர் ஒருவர் இருந்தார். கோவைக்கு அருகில் கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடுதான் அவர். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டார். அதன்மேல் கொண்ட ஆவல் அவரைக் கோவைக்கு இழுத்துவந்தது. அங்கே உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலை செய்து, ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேமித்து, அவ்வண்டியை வாங்கினார். வாங்கியவர் அதில் ஊர் சுற்றி மகிழ்வதோடு நிற்கவில்லை. ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அதுவே அவர் பயின்ற தொழிற்பள்ளி.

இடையே பருத்தி வணிகம் அவரை ஈர்த்தது. ஈட்டிய பொருளைப் பம்பாய்ச் சந்தையில் இழந்து திரும்பினார். கோவைத் தொழில் முன்னோடி ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுக்க, 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தோடு தொழில் தொடங்கினார். பேருந்துத் தொழில் ஒழுங்கைக் கேட்கும் தொழில். குறித்த நேரத்தில் வண்டி புறப்பட வேண்டும். பழுது நடுவழியில் வெளிப்படுமுன் பணிமனையிலேயே கண்டறியப்பட வேண்டும். ஒவ்வொரு சீட்டுக்கும் கணக்கு இருக்க வேண்டும். இவற்றை ஒருநாள் மட்டும் செய்தால் போதாது. நாள்தோறும் செய்தாக வேண்டும். அந்த ஒற்றைப் பேருந்து யு.எம்.எஸ். என்னும் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு இணைந்து பீளமேட்டில் அவர் உருவாக்கிய மின் மோட்டார், இந்தியாவின் முதல் மின் மோட்டார் எனப் போற்றப்படுகிறது. 1945-இல் அவருடைய கொடையால் எழுந்த ஆர்தர் ஹோப் பெயரிலான தொழில்நுட்பக் கல்லூரியே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம். 'ஹோப் காலேஜ்' என்னும் பேருந்து நிறுத்தம் இன்றும் அதை நினைவூட்டுகிறது. நீண்ட ஆண்டுப் பாடத்திட்டம் இளைஞரின் காலத்தை வீணாக்குகிறது என்று அவர் வாதிட்டார், வாதம் ஏற்கப்படவில்லை. 1952-இல் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் அமரும் சிறு கார் ஒன்றை வடிவமைத்தார். அதை உற்பத்தி செய்ய உரிமம் கிடைக்கவில்லை. அழைத்தலை உணர்ந்தவருக்கும் எல்லா வாயில்களும் திறப்பதில்லை. எனினும் 1974-இல் மறையும் வரை இயந்திரத்தின்மீது அவர் கொண்ட பற்று மாறவில்லை.

இவ்விரு வாழ்வுகளும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. அழைத்தல் பெரும்பாலும் ஓர் ஈர்ப்பாக வந்து சேருகிறது. அது உண்மையானதா என்பதைப் பல ஆண்டு உழைப்பே மெய்ப்பிக்கிறது. ஈர்ப்பு மட்டும் இருந்தால் சக்கரம் சுழலும். ஆனால் ஏற்றத்தில் வழுக்கும். நேரத்துக்கு எழுதல், சேமித்தல், ஒரு வேலையை முடித்தபின் அடுத்ததைத் தொடுதல், மாலையில் ஒரு மணி நேரம் கற்றல் போன்ற சிறு பழக்கங்களே பற்பட்டையின் பற்கள். ஊக்கம் தளரும் நாளில் பழக்கம் தாங்குகிறது. பழக்கம் சலிக்கும் நாளில் ஊக்கம் தாங்குகிறது. ஆப்ட் அமைத்த இரட்டைப் பட்டையும் அப்படித்தான்.

எல்லாருக்கும் புகழ் வாய்ப்பதில்லை. 2011 முதல் இம்மலைப் பாதைக்கெனப் புதிய நீராவி எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர் கட்டித் தந்தனர். அவர்கள் பெயர்கள் நமக்குத் தெரியா. ஆயினும் அவர்கள் பொருத்திய பல்சக்கரத்தை நம்பித்தான் குடும்பங்கள் மலையேறுகின்றன. நாசரேத்தூர்த் தச்சுப் பட்டறையில் நம் ஆண்டவர் கழித்த ஆண்டுகளும் இத்தகைய மறைந்த உழைப்பின் ஆண்டுகளே அல்லவா?

தாலந்து உவமையில் கண்டிக்கப்பட்டவன் குறைவாகப் பெற்றதற்காகக் கண்டிக்கப்படவில்லை. பெற்றதைப் புதைத்ததற்காகவே கண்டிக்கப்பட்டான். பிள்ளைகள் தங்கள் தாலந்தைத் தாங்களே புதைப்பது ஒரு வகை. மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்து நாம் அதைப் புதைத்துவிடுவது இன்னொரு வகை. பழைய மிதிவண்டியைக் கழற்றிப் பூட்டும் மகனையும், அண்டை வீட்டுக் குழந்தைகளை அமர்த்திப் பாடம் சொல்லும் மகளையும் நாம் சற்றுப் பொறுமையோடு கவனிப்போம். அவர்கள் கண்டுகொண்ட வழியில் நாள்தோறும் ஓரடி வைக்கக் கற்றுக்கொடுப்போம். எஞ்சிய ஏற்றத்தை இறையருளோடு அவர்கள் ஏறிக்கொள்வார்கள்.