இரண்டு திராட்சைப் பழங்கள்

பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால் பருவங்கள் மாறி வருகின்றன என்று பள்ளியில் படிக்கிறோம். வட அரைக்கோளத்தில் பனி கொட்டும்போது தென் அரைக்கோளத்தில் கோடை காய்கிறது. இந்தச் சாய்வையே மூலதனமாக வைத்து வாணிகம் செய்த நாடு தென் அமெரிக்காவிலுள்ள சிலி. கலிபோர்னியாத் தோட்டங்கள் ஓய்ந்து கிடக்கும் மாதங்களில் சிலியில் திராட்சை பழுக்கும். குளிர்பதனக் கப்பல்கள் அதை ஏற்றிக்கொண்டு நிலநடுக்கோட்டைத் தாண்டும். 1980-களில் பனிக்காலத்து அமெரிக்கர் உண்ட திராட்சையில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். வாங்கியவர்களில் எத்தனை பேர் அதை எண்ணிப் பார்த்திருப்பார்கள்? 1989 மார்ச் மாதத்தில் எல்லோரும் எண்ணிப் பார்க்க நேர்ந்தது.

அம்மாதம் 2-ஆம் தேதி, சிலியின் தலைநகர் சான்டியாகோவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஏற்றுமதியாகும் பழங்களில் சயனைடு செலுத்தப்பட்டிருக்கிறது என்றது ஊர்பேர் தெரியாத ஒரு குரல். சில நாட்களில் மீண்டும் ஓர் அழைப்பு. வெறும் மிரட்டல் என்று தள்ளிவிட அதிகாரிகளுக்குத் துணிவு வரவில்லை. 1982-இல் சிகாகோ வட்டாரத்தில் டைலெனால் என்னும் வலிநீக்கி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் மாண்ட நினைவு அவர்களுக்கு மறையவில்லை.

பிலடெல்பியாத் துறைமுகத்தில் 'அல்மேரியா ஸ்டார்' என்ற கப்பலின் சரக்கைப் பரிசோதித்தபோது, ஐயத்துக்குரிய அடையாளத்தோடு சிவப்புத் திராட்சைகள் கண்ணில் பட்டன. ஆய்வகத்தில் இரண்டு பழங்களில் சயனைடு இருப்பதாக முடிவு வந்தது. அளவு? ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. ஒருவரைக் கொல்லச் சில பத்து மில்லிகிராமாவது வேண்டும். ஒரு குழந்தைக்குக்கூட அந்த இரண்டு பழங்களால் தீங்கு வந்திராது. ஆயினும் மற்ற பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று யார் உறுதி கூற முடியும்?

மார்ச் 13-ஆம் தேதி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சிலியின் பழங்கள் அனைத்தையும் தடுத்து நிறுத்தியது. துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் சுமார் 20 இலட்சம் பெட்டிகள் தேங்கின. திராட்சை மட்டுமன்று, பீச், பிளம், பேரி, முலாம் எல்லாமே கடைத் தட்டுகளிலிருந்து இறங்கின. ஜப்பானும் கனடாவும் தம் பங்குக்குக் கதவைச் சாத்தின. பருவம் அப்படி, உள்நாட்டுத் திராட்சை வர இன்னும் பல வாரங்கள் ஆகும். வாழையும் ஆரஞ்சும் மிஞ்சின. ஆப்பிள் இருந்ததே என்பீர்கள். அதுவும் அப்போது கலக்கத்தில்தான் இருந்தது! உதிராமலிருக்க மரத்தில் தெளிக்கும் அலார் என்னும் மருந்து புற்றுநோய் தரக்கூடும் என்று பிப்ரவரி இறுதியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி கூறியிருந்தது. ஆப்பிளை யாரும் சிறைப்பிடிக்கவில்லை. உண்ணலாம் என்றே அரசு சொல்லிற்று.

ஏன் இந்த வேற்றுமை? இரண்டும் ஒரே வகைக் குற்றச்சாட்டு அல்ல என்பது உண்மை. ஆனால் சட்டமும் ஒரு காரணம். 1938-இல் இயற்றப்பட்ட அமெரிக்க உணவுச் சட்டத்தின்படி, உள்நாட்டுப் பண்டத்தைக் கைப்பற்ற அரசு நீதிமன்றத்தை நாடி, அது கெட்டது என்று நிறுவ வேண்டும். வெளியிலிருந்து வரும் பண்டமோ, கலப்படமானதாகத் தோன்றினாலே போதும். மாதிரிகளைச் சோதித்துத்தான் அப்படித் தோன்ற வேண்டும் என்பதுமில்லை. வேறு வழியில் தோன்றினாலும் தடுக்கலாம். எல்லையில் நிற்கும் அதிகாரிக்கு இத்தகைய அதிகாரம் வேண்டியதே. ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் மற்றொரு நாட்டில் இருக்கிறார்.

இனி வேதியியலுக்கு வருவோம். சயனைடு உடலின் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த விடாமல் தடுக்கும் நஞ்சு. மரவள்ளிக் கிழங்கைப் பக்குவமின்றித் தின்றால் வரும் கேட்டுக்கும் இதுவே காரணம். ஆனால் திராட்சைக்குள் இது நெடுநாள் தங்குவது கடினம். பழச்சாறு புளிப்பானது. அந்த அமிலத்தில் சயனைடு உப்பு ஹைட்ரஜன் சயனைடாக மாறி, ஆவியாய் வெளியேறும். எஞ்சுவதில் ஒரு பகுதி குளுக்கோசோடு சேர்ந்து வேறு பொருளாகும். சிலியில் ஊசி போட்ட பழம் நாட்கணக்கில் கடற்பயணம் செய்த பின் எவ்வளவு நஞ்சைக் காட்டும்? இந்தக் கணக்கு இடித்ததால், ஆய்வகத்திலேயே ஏதோ கலந்துவிட்டது என்று வாதிட்டோர் பலர். மறுபடி சோதிக்கவும் வழியில்லை; சோதனைக்கென்றே அவ்விரண்டு பழங்களும் செலவாகிவிட்டன. பின்னர்ச் சோதித்த எந்தப் பழத்திலும் நஞ்சு இல்லை. நோயுற்றவரும் இல்லை. அழைத்தவர் பிடிபடவும் இல்லை.

மார்ச் 17-ஆம் தேதியே பரிசோதனை நிபந்தனைகளோடு தடை தளர்ந்தது. ஐந்து நாள் ஒரு பெரிய காலமா என்று தோன்றலாம். பழுத்த பழத்துக்குப் பெரிய காலந்தான். அறுவடையின் உச்சத்தில் சிலியின் பொதிகூடங்கள் நின்றன. அவற்றில் பருவ வேலை பார்த்தவர் பெரும்பாலும் பெண்கள். அவ்வாண்டில் மீதியிருந்த கூலி அவர்களுக்குக் கிட்டவில்லை. பழங்கள் குவியல் குவியலாய் அழுகின.

இழப்பீடு கேட்டு விவசாயிகளும் வணிகர்களும் அமெரிக்க அரசின் மீது வழக்குத் தொடுத்தனர். திராட்சைகள் அகப்பட்ட அதே பிலடெல்பியாவில் இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995-இல் அதைத் தள்ளுபடி செய்தது. பழத்தைத் தடுப்பதா, விடுவதா என்பது நிர்வாகத்தின் விருப்புரிமைக்கு உட்பட்ட முடிவு. அதற்காக அரசின் மேல் வழக்காட இயலாது என்றது தீர்ப்பு. ஆய்வகத்தில் பிழை நேர்ந்ததா என்ற கேள்விக்குள் அது போகவேயில்லை.