நூறுமேனி: ஒரு சொல்லும், பள்ளிகளை அளந்த வரலாறும்

கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடிவுகள் வெளிவந்தவுடன் கொச்சங்காடியின் குறுகிய சாலைகளில் பிளெக்ஸ் பலகைகள் முளைத்துவிடும். மாணவர்களின் ஒளிப்படங்கள், அவர்களுக்கு மேலே பள்ளியின் பெயர், அதற்கும் மேலே கொட்டை எழுத்தில் ஒரு சொல்: ‘நூறுமேனி’. தேர்வெழுதிய அனைவரும் தேர்ச்சி பெற்றனர் என்பது பொருள். என் கள ஆய்வுக்கு உதவிவரும் மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பத்து அக்கா ஒருவர், இவ்வாண்டு அந்தப் பலகையைக் காட்டிச் சிரித்தார். “மேனின்னா நம்ம பாஷையில உடம்பில்ல தம்பி? நூறு உடம்புன்னா அது என்ன கணக்கு?”

அந்தக் கேள்விக்கான விடையைத் தேடப் புறப்பட்டு, தேர்வு முடிவுகளைக் கொண்டு அரசு பள்ளிகளை அளந்த ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டு வரலாற்றுக்குள் சென்று சேர்ந்தேன். அதன் சுருக்கமே இப்பதிவு.

முதலில் சொல். மலையாளத்தில் ‘மேனி’ என்பது உழவர் வழக்கு. விதைத்த நெல்லைப் போல் எத்தனை மடங்கு விளைந்தது என்பதைக் குறிப்பது. பத்து மடங்கு விளைந்தால் பத்துமேனி. நூறு மடங்கானால் நூறுமேனி. மலையாள விவிலியத்தில் விதைப்பவன் உவமையிலும் இச்சொல்லே விளைச்சலைக் குறிக்கிறது. தமிழிலும் கண்டுமுதல் கணக்கில் ‘மேனி’ என்பதற்கு விளைச்சல் என்ற பொருள் உண்டு. நிலத்தின் பரப்பையே விதையால் சொல்லும் மரபு நம்முடையது: நாஞ்சில் நாட்டில் கோட்டை விதைப்பாடு, மலையாளக் கரையில் பறை நிலம். விதையைச் சொல்லாமல் விளைச்சலைச் சொல்ல அந்தக் கணக்கில் வழியே இல்லை.

இன்றைய பலகையில் இருப்பது வேறு கணக்கு. நூறு மடங்கு என்பது நூறு விழுக்காடாக மாறிவிட்டது. முந்தையது தொடக்கத்தையும் முடிவையும் ஒப்பிடும் விகிதம். பிந்தையது முடிவை மட்டுமே பார்க்கும் எண்ணிக்கை. ஒரு சொல்லின் பொருள் நகர்வு என்று மொழியியல் மாணவனாக இதைக் குறித்துக்கொண்டு கடந்திருக்கலாம். ஆனால் பள்ளிகளை மதிப்பிடும் முறையில் நிகழ்ந்த பிழையும் இதுவேதான் என்பதால் கடக்க இயலவில்லை.

தென்னிந்தியப் பள்ளிகளைப் பற்றிய முதல் பெரிய அரசுக் கணக்கெடுப்பு, சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டது. 1826ஆம் ஆண்டின் அவருடைய குறிப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் ஏறத்தாழ 1,88,000 மாணவர்களும் இருந்ததாகச் சொல்கிறது. விவரம் திரட்டியவர்கள் மாவட்ட ஆட்சியர்கள். அதாவது நிலவரி வசூலித்த அதே அலுவலர்கள். பள்ளிகள் எத்தனை, மாணவர்கள் எத்தனை பேர், எந்தச் சாதியினர் என்று அவர்கள் எண்ணினார்கள். எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று தரம் பிரிக்கவில்லை. 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கைக்குப் பின் தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவி மானியம் வழங்கத் தொடங்கிய பிறகே அக்கேள்வி எழுந்தது. பணம் கொடுப்பவர் எதை வாங்குகிறோம் என்று கேட்பது இயல்பு.

விடை இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே 1862இல் ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்திய கல்வி விதி, பள்ளி மானியத்தைக் குழந்தைக் கணக்கில் பிரித்தது. வருகைக்கு நான்கு ஷில்லிங். ஆறு வயதைக் கடந்த குழந்தை ஆய்வாளர் முன் தேர்வில் தேறினால் மேலும் எட்டு ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றில் ஒன்றில் தவறினால் இரண்டு ஷில்லிங் எட்டு பென்ஸ் கழிக்கப்படும். ஒரு குழந்தையின் ஒவ்வொரு தோல்விக்கும் விலை குறிக்கப்பட்ட பட்டியல் அது. பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு இதைத் தொடக்கம் முதலே எதிர்த்தார். பணத்திற்காக நடக்கும் தேர்வு, கற்பித்தலை எந்திரமாக்கிவிடும் என்பது அவருடைய வாதம். 1890களில் இங்கிலாந்து இம்முறையைக் கைவிட்டது.

அதற்குள் அது இந்தியாவில் வேரூன்றியிருந்தது. பம்பாய் மாகாணம் முடிவுகளுக்கேற்ப மானியம் தரும் முறையைப் பரவலாக ஏற்றது. சென்னை மாகாணத்தில் இரு முறைகள் அருகருகே இயங்கின. மேல்நிலையில் இருந்த பள்ளிகளுக்கு ஆசிரியர் சம்பளத்தின் ஒரு பகுதி மானியமாகக் கிடைத்தது. தொடக்கப் பள்ளிகளுக்கு, அவற்றுள்ளும் திண்ணைப் பள்ளிகளுக்கு, முடிவு மானியம். ஆங்கிலம் கற்பித்த ஆசிரியருக்குச் சம்பளம் உறுதி. அரிச்சுவடி கற்பித்தவரின் வருவாயோ, ஆய்வாளர் வந்த நாளில் குழந்தைகள் எப்படி வாய் திறந்தனர் என்பதைப் பொறுத்தது.

இவ்வரலாற்றில் கொச்சிக்குத் தனி இடம் உண்டு. கொச்சங்காடி உள்ளிட்ட மட்டாஞ்சேரி, கொச்சி அரசரின் ஆட்சியில் இருந்தது. நடந்தே சென்று சேரக்கூடிய கோட்டைக் கொச்சி, பிரிட்டிஷ் கொச்சி என்ற பெயரில் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின் துண்டாக 1956 வரை நீடித்தது. 1967இல் கொச்சி மாநகராட்சி உருவானபோதுதான் இரண்டும் ஒரே உள்ளாட்சிக்குள் வந்தன. ஆகவே அடுத்தடுத்த தெருக்களில் வளர்ந்த இரு குழந்தைகளின் பள்ளிகள் இரு வேறு அரசுகளின் விதிகளுக்கு உட்பட்டிருந்தன. பள்ளியின் தரம் என்பது பள்ளிக்குள் மட்டும் இருக்கும் பொருளன்று. அளக்கும் அரசு எந்தக் கோலைக் கையில் வைத்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. அந்த எல்லை இதை நினைவூட்டுகிறது.

1882இல் அமைக்கப்பட்ட ஹண்டர் கல்விக் குழு முடிவு மானியத்தை விரிவாக விவாதித்தது. அதன் பரிந்துரைகளில் மூன்று செய்திகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று, கல்லூரிகளுக்கு இம்முறை கூடாது. இரண்டு, தொடக்கப் பள்ளிகளுக்கான உதவி பெருமளவு தேர்வு முடிவுகளைச் சார்ந்திருக்கலாம். மூன்று, பின்தங்கிய மாவட்டங்களிலோ தனிச் சூழலிலோ இயங்கும் பள்ளிகளுக்கு விலக்களித்துத் தனி விதிகளின்படி உதவலாம்.

முதல் இரண்டும் அதிகாரப் படிநிலையைக் காட்டுகின்றன. எளியோரின் பள்ளிக்கு ஓர் அளவுகோல், மேலோரின் கல்லூரிக்கு இன்னொன்று. மூன்றாவதுதான் என்னை நிறுத்தியது. அளவுகோலை வகுத்தவர்களே, அது எல்லா நிலத்துக்கும் பொருந்தாது என்று ஒப்புக்கொண்ட இடம் அது. மண் வேறு, நீர் வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் அந்த அறிவை விதியாக வைக்காமல் விதிவிலக்காக வைத்தார்கள். கர்சன் காலத்தில், 1904ஆம் ஆண்டின் இந்திய அரசுக் கல்வித் தீர்மானம் தேர்வின் ஆதிக்கத்தைக் கண்டித்தது. அதன்பின் முடிவு மானியம் வழக்கொழிந்தது.

சென்னை மாகாணத்தில் 1911இல் நடைமுறைக்கு வந்த எஸ்.எஸ்.எல்.சி. திட்டம், இந்தக் கண்டனத்தின் வழித்தோன்றல் என்று சொல்லத்தக்கது. பழைய மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு மாற்றாக வந்த அச்சான்றிதழ், மாணவரின் பள்ளி மதிப்பெண்களையும் பொதுத்தேர்வு மதிப்பெண்களையும் பதிந்து தந்தது. தேர்ச்சி, தோல்வி என்று தொடக்கத்தில் அறிவிக்கவில்லை. பதிவைப் பார்த்துத் தகுதியை முடிவுசெய்வது பல்கலைக்கழகத்தின் அல்லது வேலை தருபவரின் பொறுப்பாக இருந்தது. பள்ளியை விட்டுச் செல்லும் குழந்தையைப் பற்றிய ஆவணமாகப் பிறந்த ஒன்று, பள்ளியைப் பற்றிய தீர்ப்பாக மாறி இன்று கொச்சங்காடிப் பலகையில் நிற்கிறது.

இன்றைய எண்கள் என்ன சொல்கின்றன? கேரளத்தின் தேர்ச்சி விழுக்காடு 2024இல் 99.69. ஏறத்தாழ எல்லோரும் தேறும்போது அந்த எண் பள்ளிகளை வேறுபடுத்திக் காட்டும் திறனை இழந்துவிடுகிறது. எனவே ஒப்பீடு, எல்லாப் பாடங்களிலும் ஏ பிளஸ் பெற்றவர்களின் எண்ணிக்கைக்கு இடம்பெயர்கிறது. அந்த எண்ணிக்கை மாநில அளவில் 2020இல் 41,906. 2021இல் 1,21,318. 2022இல் 44,363. ஓராண்டில் மூன்று மடங்காக உயர்ந்த கல்வித் தரம் மறு ஆண்டே மூன்றில் ஒன்றாகச் சரிந்ததா? இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பாடத்தின் குறிப்பிட்ட பகுதிகளுக்கு முதன்மை தந்து, வினாக்களில் கூடுதல் தெரிவும் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அச்சலுகை குறைந்தது. மாறியது வினாத்தாள்.

சிறிய பள்ளிகளின் நிலை இன்னும் நுட்பமானது. முந்நூறு பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் தேர்ச்சி 99.67 விழுக்காடு. பன்னிரண்டு பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் 91.67. ஒரே ஒரு குழந்தையின் காய்ச்சலோ குடும்பத் துயரமோ ஒரு பள்ளியைப் பட்டியலின் உச்சியிலிருந்து அடிக்குத் தள்ளிவிட முடியும். மாணவர் எண்ணிக்கை குறைந்து தவிப்பவை பெரும்பாலும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளே என்பதை நாம் அறிவோம்.

விதையையும் சேர்த்து எண்ணும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. நிதி ஆயோக் 2019இல் வெளியிட்ட பள்ளிக்கல்வித் தரக் குறியீட்டில் இரண்டு வரிசைகள் இருந்தன. ஒட்டுமொத்தச் செயல்பாட்டில், பெரிய மாநிலங்களுள் கேரளம் முதலிடம், தமிழ்நாடு இரண்டாமிடம். முந்தைய நிலையிலிருந்து எவ்வளவு முன்னேறின என்ற வரிசையிலோ ஹரியானா முதலிடம். நம் இரு மாநிலங்களிலும் நினைவில் தங்கியது எந்த வரிசை என்று சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 1992இல் சட்டமாக்கிய மதிப்புக்கூட்டு முறை, ஒவ்வொரு மாணவரின் முந்தைய மதிப்பெண்ணோடு பிந்தையதை ஒப்பிட்டு, பள்ளியும் ஆசிரியரும் சேர்த்தது எவ்வளவு என்று கணிக்க முயன்றது. அதை உருவாக்கிய வில்லியம் சாண்டர்ஸ் வேளாண் ஆய்வில் பணியாற்றிய புள்ளியியலாளர். கால்நடை இனப்பெருக்க ஆய்வில் வழங்கிய கணக்கு முறையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். உழவர் சொல்லான மேனி அங்கே வேறொரு வழியாக வகுப்பறைக்குள் நுழைந்தது எனலாம். ஆனால் அதுவும் முழு விடையன்று. மதிப்பெண் வேறுபாடுகளில் ஆசிரியரின் பங்கு 1 முதல் 14 விழுக்காடு வரை மட்டுமே என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2014இல் எச்சரித்தது. தொடக்கத்தை அளக்க இன்னொரு தேர்வு, அதை அளக்க மற்றொன்று என்று குழந்தையின் மேல் தேர்வுகள் குவியும் இடரும் உண்டு. குழந்தை நெல்மணி அன்று.

இருப்பினும் கேள்வி சரியான கேள்வியே. மட்டாஞ்சேரியில் மலையாளத்துடன் கொங்கணி, குஜராத்தி, தமிழ் முதலிய மொழிகள் வீடுகளில் வழங்குகின்றன. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இன்னொரு மொழி என்று முதல் வகுப்புக்கு வரும் குழந்தை, பத்தாம் வகுப்பில் சி பிளஸ் பெற்று வெளியேறினால், அதற்குள் ஒரு பள்ளியின் பத்தாண்டு உழைப்பு அடங்கியிருக்கலாம். தேர்ச்சிப் பட்டியலில் அந்த உழைப்புக்குக் கட்டமே இல்லை. அதைவிடக் கொடியது, அத்தகைய குழந்தை பள்ளியின் நூறுமேனிக்கு ஓர் அச்சுறுத்தலாகிவிடுவது. லோவின் பட்டியலில் தவறும் குழந்தைக்கு விலை இரண்டு ஷில்லிங் எட்டு பென்ஸ். நம் பட்டியலில் அதன் விலை பலகையில் ஒரு சொல்.

தமிழ்நாடு 2017இல் மாநில அளவிலான முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. அது மாணவர்களைத் தரவரிசையிலிருந்து விடுவிக்கும் முதற்படி. பள்ளிகளை விடுவிக்கும் படி இன்னும் எஞ்சியிருக்கிறது. முடிவுகளை வெளியிடக் கூடாது என்பது என் வாதமன்று. அரசு பள்ளி மக்களுக்குக் கணக்குச் சொல்லியே தீர வேண்டும். எண்ணுடன் மூன்று விவரங்களாவது சேர்ந்து வரட்டும் என்கிறேன்: தேர்வெழுதியவர் எத்தனை பேர், அவர்கள் பள்ளிக்குள் வந்தபோது எந்நிலையில் இருந்தார்கள், இடையில் பள்ளியை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர். ஹண்டர் குழு விதிவிலக்காக ஒதுக்கியதை விதியாக்குவது என்றும் இதைச் சொல்லலாம்.

அக்காவிடம் மேனியின் பழைய பொருளைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, “அப்போ போர்டுல எவ்வளவு வெதச்சாங்கன்னு போடவே இல்லையே தம்பி?” என்றார்.