வாரமும் நான்கு மணியும்

சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். சாங்கியில் ஏறுவோர் நான்கு மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் இறங்கிவிடுகின்றனர். சிங்கப்பூர்க் கடிகாரம் இரண்டரை மணி முந்தி ஓடுவதால், சென்னைக் கடிகாரமோ ஒன்றரை மணியே கழிந்ததாகக் காட்டும்!

முன்னாளில் தமிழர் இத்தொலைவை மைலால் அளந்தாரல்லர், நாளால் அளந்தனர். 1926 இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' என்னும் கப்பல் 1973 வரை உழைத்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு வழியாக அது சிங்கப்பூர் வந்துசேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். காலாங்கில் 1937 இலேயே வானூர்தி நிலையம் திறக்கப்பட்டது. 1955 இல் பாயா லேபார் நிலையமும் வந்தது. எனினும், துறைமுகத் தொழிலாளிக்கு வானூர்திக் கட்டணம் எட்டாக்கனியே.

தந்தை இறந்த செய்தியைத் தந்தி விரைந்து கொணரும். கப்பலோ ஒரு வாரம் கேட்கும். சிராங்கூன் சாலையில் தந்தி பெற்ற மகன் கொள்ளி வைக்க ஊர் சேர்தல் இயலாது. பதினாறாம் நாள் கருமத்துக்கேனும் கப்பல் வாய்த்தால் அதுவே பேறு. கடல் கடந்த வாழ்வின் பெருந்துயர் இதுவன்றோ!

ரஜூலாவுக்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பற்றியது; உயிர்கள் பல மாண்டன. அத்துடன் அக்கப்பலின் பயணிகள் சேவை முடிந்தது. 1981 இல் திறந்த சாங்கியே பின்னர் அனைவர்க்கும் வாயிலாயிற்று.

ஆயினும் சென்னையில் இறங்கும் நாகப்பட்டினத்துக்காரர், வானில் வந்ததைவிட நெடுநேரம் பேருந்தில் அமர வேண்டும். திருச்சிராப்பள்ளிக்கு நேர்வழி வானூர்தி வந்த பின்னரே, காலையில் செய்தி பெற்ற மகன் அன்றிரவே காவிரிக்கரை ஊரை அடைவது கூடுவதாயிற்று.