விளையாட்டுக் கருவிகளில் சமூக வலைத்தளக் கணக்குக் கட்டாயம்

விளையாட்டுக் கருவிகளில் சமூக வலைத்தளக் கணக்குக் கட்டாயம் என்பது, விலை கொடுத்து வாங்கிய நிகழ்பட விளையாட்டுக் கருவி ஒன்றை இயக்குவதற்குச் சமூக வலைத்தளம் ஒன்றிலும் கணக்கு வைத்திருக்க வேண்டும் எனத் தயாரிப்பு நிறுவனம் விதிக்கும் நிபந்தனையைக் குறிக்கும். பேஸ்புக் நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் தனது ஆக்குலஸ் மெய்நிகர் உண்மைக் கருவிகளுக்கு விதித்த நிபந்தனை இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். அது 2022 ஆம் ஆண்டில் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒரு பொருளை வாங்கியவருக்கு அதன்மீது உள்ள உரிமை, வேறொரு சேவையின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதாக இருக்கலாமா என்பதே இதில் அடங்கியுள்ள முதன்மையான கேள்வியாகும்.

பின்னணி

1990களில் தமிழ்நாட்டில் "டிவி கேம்" என்ற பெயரில் விற்கப்பட்ட கருவிகளைத் தொலைக்காட்சியுடன் இணைத்துக் கேசட்டைச் செருகினால் போதுமானதாக இருந்தது. விளையாடுபவர் யார் என்பதைக் கருவி அறிய வேண்டிய தேவை இருக்கவில்லை. இணையம் வழியாகப் பலர் சேர்ந்து விளையாடும் முறை பரவிய பின்னர், பயனர் கணக்குகள் தேவைப்பட்டன. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் லைவ் 2002 ஆம் ஆண்டிலும், சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேசன் நெட்வொர்க் 2006 ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன.

இக்கணக்குகள் விளையாட்டுச் சேவைக்கென்றே உருவாக்கப்பட்டவை. இவற்றில் பயனர் புனைபெயரில் விளையாடலாம். சமூக வலைத்தளக் கணக்கு இதிலிருந்து வேறுபட்டது. பேஸ்புக்கின் விதிகளின்படி ஒருவர் அன்றாட வாழ்வில் பயன்படுத்தும் பெயரிலேயே கணக்குத் தொடங்க வேண்டும். ஒருவருக்கு ஒரு தனிக்கணக்கே உண்டு. அக்கணக்கில் அவருடைய நண்பர்கள், உறவினர்கள், ஒளிப்படங்கள், கருத்துகள் ஆகியவை அடங்கியுள்ளன.

ஆக்குலஸ் நிகழ்வு

ஆக்குலஸ் நிறுவனம் பால்மர் லக்கி முதலானோரால் 2012 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. தலையில் மாட்டிக்கொண்டு முப்பரிமாணக் காட்சிகளைக் காணும் கருவியை உருவாக்குவதற்காக, கிக்ஸ்டார்ட்டர் தளத்தின் மூலம் சுமார் 24 இலட்சம் டாலரை இந்நிறுவனம் பொதுமக்களிடம் திரட்டியது. 2014 மார்ச்சு மாதத்தில் பேஸ்புக் இதனைச் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. கருவியைப் பயன்படுத்தப் பேஸ்புக் கணக்குத் தேவைப்படாது என லக்கி அப்பொழுது பயனர்களுக்கு வாக்களித்தார். அவர் 2017 ஆம் ஆண்டில் நிறுவனத்தை விட்டு விலகினார்.

2020 ஆகஸ்டு 18 அன்று நிறுவனம் புதிய விதியை அறிவித்தது. அதன் முக்கிய கூறுகள் பின்வருமாறு:

* 2020 அக்டோபர் முதல், புதிய பயனர்கள் பேஸ்புக் கணக்கின் மூலமே புகுபதிகை செய்ய வேண்டும்.
* ஏற்கனவே ஆக்குலஸ் கணக்கு வைத்திருப்போர் அதனைப் பேஸ்புக் கணக்குடன் இணைக்கலாம். இணைக்காதோருக்கு 2023 சனவரி 1 வரை மட்டுமே முழு ஆதரவு கிடைக்கும்.
* இனி வெளிவரும் கருவிகள் அனைத்திற்கும், பழைய ஆக்குலஸ் கணக்கு இருந்தாலும், பேஸ்புக் கணக்குக் கட்டாயமாகும்.

இவ்விதியின் கீழ் முதலில் வெளியான கருவி, 2020 அக்டோபர் 13 அன்று 299 டாலர் விலையில் விற்பனைக்கு வந்த குவெஸ்ட் 2 ஆகும்.

பயனர்கள் எதிர்கொண்ட சிக்கல்கள்

குவெஸ்ட் 2 வெளியானவுடன், அதற்காகவே புதிதாகப் பேஸ்புக் கணக்குத் தொடங்கிய சிலரின் கணக்குகள் முடக்கப்பட்டன. போலிக் கணக்குகளைக் கண்டறியும் தானியங்கி முறை, நண்பர்களோ ஒளிப்படமோ இல்லாத புதிய கணக்குகளைச் சந்தேகத்திற்குரியனவாகக் கருதக்கூடும். கணக்கு முடக்கப்பட்டவர்கள், பழுதில்லாத புதிய கருவியைக் கையில் வைத்திருந்தும் இயக்க இயலாத நிலைக்கு ஆளாயினர்.

பேஸ்புக் கணக்கைத் தாமாகவே அழிக்க விரும்பியவர்களுக்கும் இடர் இருந்தது. கணக்குடன் சேர்த்து, அவர்கள் பணம் செலுத்தி வாங்கிய விளையாட்டுகளும் நீங்கிவிடும். இதனால் சமூக வலைத்தளத்தை விட்டு விலகும் உரிமைக்கு ஒரு விலை ஏற்பட்டது. விளையாட்டுகளை எவ்வளவு மிகுதியாக வாங்கியிருந்தாரோ, அவ்வளவுக்கு விலகுவது இழப்பாக அமைந்தது.

நிறுவனத்தின் விளக்கம்

ஒரே புகுபதிகை இருந்தால் நண்பர்களைக் கண்டறிந்து சேர்ந்து விளையாடுவது எளிது என நிறுவனம் கூறியது. தொல்லை தருவோரை முறையிடுவதற்கும் தடுப்பதற்கும் பொதுவான நடத்தை விதிகள் உதவும் என்பதும் அதன் விளக்கமாகும். அதே வேளையில், பேஸ்புக் கணக்கின் மூலம் கருவியைப் பயன்படுத்தினால், அப்பயன்பாடு குறித்த தகவல்கள் விளம்பரங்களைத் தெரிவுசெய்யவும் பயன்படும் என அறிவிக்கப்பட்டது. நண்பர்களைக் கண்டறியும் வசதியை விரும்புவோருக்கு மட்டும் வழங்கலாம் என்பதும், அதற்குக் கட்டாயம் தேவையில்லை என்பதும் எதிர்ப்பாளர்களின் வாதமாக இருந்தது.

ஜெர்மனியில் நடவடிக்கை

ஜெர்மனியின் கூட்டாட்சிப் போட்டி ஆணையம், வெவ்வேறு சேவைகளில் திரட்டப்படும் தகவல்களைப் பயனரின் தன்னார்வ ஒப்புதலின்றி ஒன்றிணைக்கக்கூடாது என 2019 பிப்ரவரியில் பேஸ்புக்கிற்கு உத்தரவிட்டிருந்தது. 2020 இல் புதிய விதி வந்த காலத்தில், நிறுவனம் ஜெர்மனியில் தனது கருவிகளின் விற்பனையை நிறுத்தி வைத்தது. 2020 திசம்பர் 10 அன்று, சமூக வலைத்தளச் சந்தையில் ஆதிக்கம் செலுத்தும் நிறுவனம் அந்த ஆதிக்கத்தை மற்றொரு சந்தைக்கு விரிக்கின்றதா என ஆணையம் விசாரிக்கத் தொடங்கியது.

2021 சனவரியில் ஜெர்மனியின் போட்டிச் சட்டம் திருத்தப்பட்டு, பெரும் எண்ணிம நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. விசாரணை இப்பிரிவின் கீழும் விரிவாக்கப்பட்டது.

விதி விலக்கப்படல்

2021 அக்டோபர் 28 அன்று பேஸ்புக் நிறுவனம் மெட்டா எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதே நிகழ்ச்சியில், கருவிகளுக்குப் பேஸ்புக் கணக்கைக் கட்டாயமாக்கும் நிலை மாற்றப்படும் என மார்க் சக்கர்பெர்க் தெரிவித்தார். 2022 ஆகஸ்டில் மெட்டா கணக்கு என்னும் தனி முறை அறிமுகமானது. மின்னஞ்சல் முகவரியைக் கொண்டே இக்கணக்கைத் தொடங்கலாம். பேஸ்புக்கையோ இன்ஸ்டாகிராமையோ இணைப்பது பயனரின் விருப்பமாகும். இம்மாற்றத்தைக் கருத்திற்கொண்டு, குவெஸ்ட் 2 கருவியைப் பேஸ்புக் கணக்கின்றிப் பயன்படுத்த முடியும் என 2022 நவம்பர் 23 அன்று ஜெர்மானிய ஆணையம் அறிவித்தது.

எனினும் கணக்கு என்பதே நீங்கிவிடவில்லை. பழைய ஆக்குலஸ் கணக்கு வைத்திருந்தோரும் மெட்டா கணக்கிற்கு மாற வேண்டியிருந்தது. நீங்கியது சமூக வலைத்தளத்துடனான கட்டாயப் பிணைப்பு மட்டுமே.

ஒத்த நிகழ்வுகள்

* 2013 ஆம் ஆண்டில், எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவி 24 மணிநேரத்திற்கு ஒருமுறை இணையத்தில் இணைக்கப்பட வேண்டும் என மைக்ரோசாப்ட் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததால், கருவி வெளியாகும் முன்பே, சூன் மாதத்தில் இவ்விதி கைவிடப்பட்டது.
* 2024 மே மாதத்தில், ஹெல்டைவர்ஸ் 2 என்னும் விளையாட்டைக் கணினியில் விளையாடுவோரும் பிளேஸ்டேசன் நெட்வொர்க் கணக்கை இணைக்க வேண்டும் என சோனி அறிவித்தது. இச்சேவை அதிகாரப்பூர்வமாக இயங்காத இலங்கை உள்ளிட்ட பல நாடுகளில் விளையாட்டின் விற்பனை நிறுத்தப்பட்டது. சில நாட்களிலேயே இணைப்புக் கட்டாயம் திரும்பப் பெறப்பட்டது.

இந்தியச் சட்டங்கள்

இத்தகைய நிபந்தனைகளுக்குப் பொருந்தக்கூடிய இந்தியச் சட்டங்கள் மூன்று உள்ளன.

* போட்டிச் சட்டம், 2002: ஆதிக்க நிலையில் உள்ள நிறுவனம், ஒப்பந்தத்தின் பொருளோடு தொடர்பில்லாத கூடுதல் கடமைகளை ஏற்குமாறு மறுதரப்பைக் கட்டாயப்படுத்துவதை இதன் 4 ஆவது பிரிவு தடுக்கின்றது. வாட்சப்பின் 2021 ஆம் ஆண்டுத் தனியுரிமைக் கொள்கை தொடர்பாக, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவிற்கு 213.14 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இத்தண்டத்தை உறுதி செய்தது. தகவல் பகிர்வுக்கு விதிக்கப்பட்ட ஐந்தாண்டுத் தடையை நீக்கியது.
* நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019: நுகர்வோருக்குப் பாதகமான, நியாயமற்ற நிபந்தனைகளைக் கொண்ட ஒப்பந்தங்களை எதிர்த்து முறையிட இச்சட்டம் வழிசெய்கின்றது. இவ்வகை முறையீட்டை மாவட்ட ஆணையம் விசாரிக்க இயலாது. எடுத்துக்காட்டாக, திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த நுகர்வோர் ஒருவர் மாநில ஆணையத்தையே அணுக வேண்டும்.
* எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023: ஒப்புதல் தன்னார்வமானதாகவும் நிபந்தனையற்றதாகவும், தேவையான தரவுகளுக்கு மட்டும் உரியதாகவும் இருக்க வேண்டும் என்கின்றது. 18 வயது நிரம்பாதோருக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல் தொடர்பான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன.

தமிழ்நாட்டின் அடையாளச் சரிபார்ப்பு விதி

விளையாடுவதற்கு முன் அடையாளத்தைக் காட்டுமாறு அரசே கோருவது இதிலிருந்து வேறுபட்டது. பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளுக்கெனத் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் விதிமுறைகளை வெளியிட்டது. ஆதார் வழியான சரிபார்ப்பு கட்டாயமாக்கப்பட்டது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை புகுபதிகை தடை செய்யப்பட்டது. 18 வயது நிரம்பாதோர் விலக்கப்பட்டனர். நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2025 சூன் 3 அன்று இவ்விதிமுறைகளைச் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பண விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது.

இவ்விரு வகைகளிலும் விளையாடுபவர் தன்னை அடையாளப்படுத்த வேண்டியுள்ளது. ஆயினும் அரசின் விதி பொதுநலனைக் காரணமாகக் காட்டி, நீதிமன்றத்தின் ஆய்வுக்கு உட்பட்டதாக உள்ளது. நிறுவனத்தின் நிபந்தனையோ பயனர் "ஏற்கிறேன்" என்னும் பொத்தானை அழுத்துவதால் நடைமுறைக்கு வருகின்றது. கருவியை வாங்கிப் பெட்டியைத் திறந்த பின்னரே பெரும்பாலான பயனர்கள் அப்பொத்தானைக் காண்கின்றனர்.

இவற்றையும் பார்க்க

* மெய்நிகர் உண்மை
* தனியுரிமை
* நுகர்வோர் உரிமைகள்
* இந்தியப் போட்டி ஆணையம்