எஞ்சின் மாறினாலும் அது அதே வேன்தான்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

நம் வேனின் எஞ்சின் போய்விட்டால் என்ன செய்கிறோம்? கராஜ் பாஸிடம் காட்டுகிறோம். அவர் பார்த்துவிட்டு, "செய்யலாம், ஆனா செலவு கூட. ரீகண்டிஷன் எஞ்சின் ஒண்டு பாருங்க" என்கிறார். பஞ்சிகாவத்தைக்குப் போய் விசாரித்து, ஒன்றை வாங்கிப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வருகிறோம்.

ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்திய வொக்ஸ்வேகன் வேன் வைத்திருப்பவருக்கு இந்த வழி இலேசில் சரிவராது. கொம்பி என்று பலர் சொல்லும் அந்த வேனில் ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. எஞ்சின் பின்னால் இருக்கிறது, காற்றால் குளிர்கிறது. அதற்கு மாற்று எஞ்சின் தேடுகிறவர் கடைக்குப் போகுமுன் வரலாறு படிக்க வேண்டும். எந்த வருடத்து வேனுக்கு எந்த எஞ்சின் பொருந்தும், அது எங்கே கிடைக்கும், எப்போது செய்வதை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் வரலாற்றுக் கேள்விகள். இன்று அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

*தொழிற்சாலைத் தள்ளுவண்டியிலிருந்து வந்த யோசனை*

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு ஜேர்மனியின் வொல்ப்ஸ்பர்க் தொழிற்சாலை பிரித்தானிய இராணுவத்தின் பொறுப்பில் இருந்தது. ஆலைக்குள் சாமான் ஏற்ற, பீட்டில் காரின் அடித்தட்டில் ஒரு திறந்த வண்டியை அவர்களே செய்து ஓட்டினார்கள். ஒல்லாந்து நாட்டில் வொக்ஸ்வேகனை இறக்குமதி செய்த பென் பொன் அதைக் கண்டார். 1947 ஏப்ரல் 23ஆம் திகதி தன் குறிப்புப் புத்தகத்தில் பெட்டி போன்ற ஒரு வேனைக் கீறினார். சாரதி முன்னால், எஞ்சின் பின்னால், சாமான் நடுவில். அவ்வளவுதான் படம்.

முதலில் பீட்டிலின் அடித்தட்டிலேயே உடலைப் பூட்டிப் பார்த்தார்கள். பாரம் தாங்காமல் அது வளைந்தது. பிறகு உடலையும் சட்டத்தையும் ஒன்றாக்கிப் பலப்படுத்தினார்கள். 1950 மார்ச் 8ஆம் திகதி உற்பத்தி தொடங்கியது. எஞ்சின் மட்டும் பீட்டிலின் எஞ்சின்தான்: 1131 சி.சி., 25 குதிரைவலு. இன்று நம்மிடம் ஓடும் சின்ன மோட்டார் சைக்கிள் சிலவற்றின் வலு அது. அதை வைத்துக்கொண்டு ஒரு வேன் நிறைய மாவும் மரக்கறியும் ஏற்றி ஓடினார்கள்.

*ஏன் காற்று?*

இந்த எஞ்சினை 1930களில் போர்ஷேயின் அலுவலகத்தில் வடிவமைத்தவர் பிரான்ஸ் ரைம்ஸ்பீஸ். அன்றைய சாதாரண ஜேர்மன் குடும்பத்துக்குக் கார் நிறுத்த கராஜ் கிடையாது. வெளியே நிறுத்தினால் குளிர்காலத்தில் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்து எஞ்சினையே பிளந்துவிடும். தண்ணீரே இல்லாவிட்டால் அந்தப் பயமும் இல்லை. குளிர் நாட்டுக்காகச் செய்த இந்த ஏற்பாடு வெப்ப நாடுகளிலும் கைகொடுத்தது. தண்ணீர் கொதித்து வழியும் பிரச்சினை அங்கேயும் இல்லையே!

நான்கு சிலிண்டர்களும் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனித் துண்டு. வெளியே சுற்றிவர மெல்லிய தகடு தகடாக மடிப்புகள். பெல்டில் ஓடும் விசிறி காற்றை அந்த மடிப்புகளுக்கிடையே தள்ளும். சிலிண்டர் தேய்ந்தால் கழற்றிவிட்டு வேறு பூட்டலாம். முழு எஞ்சினும் பிரதானமாக நான்கு போல்ட்டில் கியர் பொக்ஸோடு இணைந்திருக்கும். வயர், பெற்றோல் குழாய், எக்சிலேட்டர் கேபிள், ஹீட்டர் குழாய்கள் ஆகியவற்றைக் கழற்றி, கீழே ஜெக் வைத்துப் பின்பக்கமாக இறக்கிவிடலாம். ஆகவே இது முதலிலிருந்தே இறக்கி ஏற்றுவதற்கு இலேசான எஞ்சின்.

*மாற்று எஞ்சின் கொடுத்தது கம்பனியேதான்*

பலர் கவனிக்காத பக்கம் இது. 1958 முதல் வொக்ஸ்வேகனின் காசல் ஆலையில் பழைய எஞ்சின்களையும் கியர் பொக்ஸ்களையும் திரும்ப எடுத்துப் புதுப்பிக்கும் வேலை நடந்தது. பழையதைக் கொடுத்துவிட்டு, ஆலையில் புதுப்பித்த ஒன்றை வாங்கிப் பூட்டிக்கொண்டு போகலாம்.

வேன் வாங்கியவர்கள் யார் என்று யோசித்தால் இதன் பெறுமதி விளங்கும். பேக்கரிக்காரர், தச்சர், பால் விநியோகிப்பவர் என்று அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். எஞ்சின் திருத்தும் வரை அவர்களால் மாதக்கணக்கில் கடையை மூடி வைக்க முடியாது. எஞ்சின் தேயும் என்பதைத் தெரிந்துகொண்டே, அது தேய்ந்தாலும் தொழில் நிற்கக்கூடாது என்று செய்த ஏற்பாடு அது.

இன்று பழைய வாகனம் சேகரிப்பவர்கள், "உடலும் எஞ்சினும் ஒரே நாளில் ஆலையை விட்டு வந்ததா?" என்று கேட்டு விலை பேசுகிறார்கள். அவர்களுடைய கணக்கு அவர்களுக்கு. உழைத்த வேன்களில் பலவற்றின் முதல் எஞ்சின் எப்போதோ மாறிவிட்டது. அதனால் அந்த வேனின் மதிப்புக் குறையவில்லை. அது உழைத்ததற்கு அதுவே சாட்சி.

*எண்ணைப் படித்தால் வயது தெரியும்*

மாற்று எஞ்சின் தேடும்போது வெளித்தோற்றம் ஏமாற்றும். 1200 முதல் 1600 வரை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். டைனமோவைத் தாங்கும் கால் பகுதிக்குக் கீழே, கேஸில் பொறித்திருக்கும் எழுத்தும் எண்ணும்தான் உண்மையைச் சொல்லும். சில முக்கிய கட்டங்கள்:

1. 1954இல் எஞ்சின் 1192 சி.சி. ஆனது, 30 குதிரைவலு. 1963இல் வேனுக்கு 1500 எஞ்சினும் வந்தது.

2. 1966 ஓகஸ்டில் மின்சாரம் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறியது. பிளைவீலின் பற்கள் 109இலிருந்து 130 ஆகின. அதன் அளவும் பெருத்தது. பிந்திய எஞ்சினை முந்திய வேனில் பூட்டினால் பிளைவீல் கியர் பொக்ஸ் வாயில் உராயும். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

3. 1967 ஓகஸ்டில் முன்கண்ணாடி ஒரே துண்டாக இருக்கும் புதிய வேன் வந்தது. 1600 எஞ்சின், 47 குதிரைவலு, அடையாள எழுத்து பீ. 1970 ஓகஸ்டில் ஏ.டீ. எஞ்சின் 50 குதிரைவலுவோடு வந்தது. அதற்குப் பின் ஏ.எஸ்.

4. அதே 1970இல் இன்னொரு நல்ல மாற்றம் நடந்தது. அதுவரை ஒயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள் நின்று மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறித்தது. அந்தச் சிலிண்டரின் எக்சோஸ்ட் வால்வு முதலில் எரிவதற்குப் பெயர் போனது. கூலரைப் பின்னுக்குத் தள்ளி அதற்குத் தனிக் காற்று வழி கொடுத்தார்கள்.

5. 1971 ஓகஸ்டில் முற்றிலும் வேறு குடும்பத்து 1700 எஞ்சின் பெரிய வேன்களுக்கு வந்தது. அது பின்னர் 1800 ஆகி, கடைசியில் 70 குதிரைவலுவுள்ள 2 லீற்றர் ஆனது. இதில் விசிறி மேலே நிற்காது. கிராங்கின் நுனியிலேயே இருக்கும். இதற்கும் 1600க்கும் தகடு, எக்சோஸ்ட், தாங்கி எதுவும் ஒத்துவராது. ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் வைக்க நினைப்பவர் பக்கத்துச் சாமான் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்க வேண்டிவரும்.

*பிரேசில் காப்பாற்றியது*

ஜேர்மனியில் இந்த வடிவ வேன் 1979இல் நின்றது. அடுத்த வடிவத்திலும் முதலில் காற்று எஞ்சின்தான்; 1982இல் தண்ணீர் வந்தது. கதை அங்கேயே முடிந்திருக்கலாம். முடியாமல் இருந்ததற்குக் காரணம் பிரேசில்.

1957 செப்டெம்பரில் அங்கே கொம்பி உற்பத்தி தொடங்கியது. சாவோ பெர்னார்தோ டோ காம்போ நகரின் ஆலையில் 15 இலட்சத்துக்கும் அதிகமான வேன்கள் செய்தார்கள். பாடசாலைப் பிள்ளைகள், தபால், சந்தைச் சாமான் எல்லாம் அதில்தான் போயின. ஜேர்மனி கைவிட்டு இருபது வருடத்துக்கு மேலாகியும் காற்று எஞ்சின் அங்கே புதிதாக வந்துகொண்டிருந்தது. மெக்சிக்கோவின் புவெப்லா ஆலையும் 2003 ஜூலை வரை பீட்டில் செய்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய வேன் வைத்திருந்தவர்களுக்குப் புதிய கேஸ், சிலிண்டர், ஹெட் கிடைக்க இந்த இரண்டு நாடுகளும் பெரிய காரணம். பணக்கார நாடுகளின் பழைய வாகனங்களை வளரும் நாடுகளின் தொழிலாளர்கள் உயிரோடு வைத்திருந்தார்கள் என்பது நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய விடயம்.

புகைச் சட்டம் இறுகியது. 2005 டிசம்பரோடு பிரேசில் கொம்பியின் காற்று எஞ்சின் நின்றது. முன்னால் ரேடியேட்டர் வைத்து 1.4 லீற்றர் தண்ணீர் எஞ்சின் பூட்டினார்கள். 2014 முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் எயார்பேக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் கட்டாயம் என்ற சட்டம் வந்தது. பழைய உடலில் அதற்கு இடமில்லை. 2013 டிசம்பரில் கொம்பியும் நின்றது.

*ஆகவே இன்று என்ன செய்யலாம்?*

முதலாவது, பழைய எஞ்சினை இரும்புக் கடைக்குக் கொடுக்காதீர்கள். அதன் கேஸ் மெக்னீசியக் கலவை; பாரம் குறைவு, ஆனால் மென்மை. நீண்ட காலச் சூட்டில் கிராங்க் பெயாரிங் இருக்கும் துளைகள் இளகும். துளையைக் கடைந்து அளவு கூடிய பெயாரிங் போட்டால் அதே கேஸ் இன்னொரு காலம் ஓடும். வேறு கம்பனிகள் அலுமினியத்தில் புதிய கேஸும் செய்கின்றன.

இரண்டாவது, வாங்கப்போகும் எஞ்சினின் கீழ்ப் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். கிராங்கின் அசைவு 0.15 மில்லிமீற்றரைத் தாண்டினால் உள்ளே பெரிய செலவு இருக்கிறது. பெயின்ட் அடித்த பளபளப்பை நம்ப வேண்டாம்.

மூன்றாவது, எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளும் ரப்பர் ஓரமும் அலங்காரம் என்று நினைத்து வீசிவிடாதீர்கள். கீழே எக்சோஸ்டின் சூட்டுக் காற்று மேலே ஏறாமல் தடுப்பவை அவைதான். அவை இல்லாவிட்டால் விசிறி சூட்டுக் காற்றையே திரும்ப இழுக்கும். நல்ல எஞ்சினும் சீக்கிரம் எரியும். ரேடியேட்டர் இல்லாத வாகனத்துக்கு ரேடியேட்டரே அந்தத் தகடுகள்தான்.

நான்காவது, எண்ணை எழுதி வையுங்கள். நம் நாட்டின் வாகனப் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண்ணும் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் அதையும் முறையாகப் பதிவு செய்ய வேண்டும். அடுத்த சொந்தக்காரருக்கு நாம் கொடுக்கும் நேர்மை அது. வேனின் வரலாற்றில் ஒரு வரியும் கூடும்.

மொரிஸ் மைனரை இன்றும் ஓட்டும் நாடு நம் நாடு. உதிரிப்பாகம் வராத காலங்களில் லேத் பட்டறையும் கைவேலையும் வைத்து வாகனங்களைக் காப்பாற்றிய பாஸ்மார் நம் ஊர்களிலும் இருந்தார்கள், இருக்கிறார்கள். காசல் ஆலையில் நடந்ததும் பிரேசிலில் நடந்ததும் அவர்களுக்குப் புதிதல்ல. அப்படியானவர்களை உங்களுக்குத் தெரிந்தால், அவர்கள் எந்த வாகனத்தை எப்படித் திருப்பி ஓட வைத்தார்கள் என்று கேட்டு கீழே எழுதுங்கள். அந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கும்போதே நாம் அதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.