தெருவோட அகலம்: பூஜ் நிலநடுக்கம், 2001

2001 ஜனவரி 26. சங்கரன்கோவில்ல எங்க பள்ளிக்கூடத்துல கொடியேத்தி, மிட்டாய் வாங்கிட்டு வீட்டுக்கு வந்தோம். கொஞ்ச நேரத்துல டிவியில குஜராத் நிலநடுக்கம்னு செய்தி. அப்போ எனக்கு அது தூரத்து ஊர்ச் சேதி, அவ்வளவுதான். பல வருஷம் கழிச்சுப் படிக்கும்போதுதான் அஞ்சார் என்ற ஊர் கண்ணில் பட்டது.

கட்ச் மாவட்டத்தில், பூஜ் நகரத்துக்குப் பக்கத்து ஊர் அது. அங்கும் அன்று பிள்ளைகள் குடியரசு தின ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். காலை 8.46 மணிக்கு நிலம் குலுங்கியது. அப்போது அவர்கள் நின்றது பழைய ஊரின் ஒரு குறுகலான தெரு. இரண்டு பக்கக் கட்டடங்களும் தெருவுக்குள்ளேயே சரிந்தன. 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும் இறந்துபோனார்கள். ஓடி ஒதுங்க இடமே இல்லை.

கட்ச்சுக்கு இது முதல் தடவை இல்லீங்க. 1819-ல் வந்த நிலநடுக்கத்தில் ரண் பகுதியில் பல மைல் நீளத்துக்கு நிலமே மேடாக எழும்பி நின்றது. ஜனங்கள் அதற்கு 'அல்லா பந்த்', அதாவது ஆண்டவன் கட்டின அணை என்று பேர் வைத்தார்கள். 1956-ல் அதே அஞ்சார் குலுங்கி நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அப்புறமும் பழைய ஊரின் சந்துகள் சந்துகளாகவே இருந்தன.

2001-ல் அளவு சுமார் 7.7. அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 13,800-க்கு மேல். 20,000 வரை சொல்பவர்களும் உண்டு. பூஜில் அரசு மருத்துவமனையே இடிந்ததால் மைதானத்தில் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்திலும் 700 பேருக்கு மேல் பலி. அங்கே சந்து காரணமில்லை. வண்டி நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தில் சுவரே வைக்காமல் தூண்களை மட்டும் நிறுத்திக் கட்டிய புது அடுக்குமாடிகள் பல அப்படியே உட்கார்ந்துவிட்டன.

மீட்பில் குஜராத் செய்த சில காரியங்கள் கவனிக்க வேண்டியவை. 2001 பிப்ரவரியிலேயே பேரிடர் மேலாண்மைக்குத் தனி ஆணையம் அமைத்தார்கள். கிராமங்களில் பெரும்பாலும் காண்ட்ராக்டரிடம் வீடு கட்டச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் கையிலேயே தவணை தவணையாகப் பணம். முதல் தவணை வேலையைப் பொறியாளர் பார்த்துச் சரி என்றால்தான் அடுத்தது. சுமார் 2 லட்சம் வீடுகள் இப்படி எழுந்தன. இடிந்த மருத்துவமனையை, அதிர்வைத் தாங்கும் ரப்பர் தாங்கிகள் மேல் நிற்கும்படி திரும்பக் கட்டினார்கள்.

கஷ்டமான வேலை பூஜின் பழைய கோட்டை நகரத்தில்தான். தெருவை அகலப்படுத்தணும்னா யாராவது நிலம் கொடுக்கணும். மனைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, தெருவுக்கு எடுத்தது போக மீதியைத் திரும்பப் பிரித்துக் கொடுத்தார்கள். பெரிய மனைக்காரர் கூடுதலாகவும் சின்ன மனைக்காரர் குறைவாகவும் விட்டுக் கொடுத்தார்கள். இது முடியும்வரை பலர் தற்காலிகக் கொட்டகைகளில் காத்துக் கிடந்தார்கள். நிறையக் குடும்பங்கள் ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்புகளுக்குப் போனதில் பழைய அக்கம்பக்கம் சிதறியது. அதிகம் அடிபட்டது வாடகைக்கு இருந்தவர்கள். மனை இருந்தால்தானே கணக்கில் வருவார்கள்?

போன மாசம் எங்க மாமா வீட்டில் மாடி எடுத்தார்கள். கீழே முழுக்கக் கடை, முன்பக்கம் பூராவும் ஷட்டர், குறுக்குச் சுவர் கிடையாது. "கீழ ஒரு சுவராவது வைக்கக் கூடாதாண்ணே?"ன்னு கொத்தனார்கிட்ட கேட்டேன். "இங்க என்ன பூகம்பமா வரப்போவுது தம்பி?"ன்னு சிரிச்சார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கு. கட்ச்சோடு ஒப்பிட்டால் நம்ம பக்கம் ஆபத்து ரொம்பக் குறைவு. ஆனா 1900-ல் கோயம்புத்தூர் பக்கம் சுமார் 6 அளவில் ஒன்று வந்திருக்கிறது. பூஜுக்குப் பிறகு, 2002-ல் திருத்திய வரைபடத்தில், சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள்.

நம்ம ஊர்ல ரத வீதிகள் அகலமா இருக்கு, ஏன்னா தேர் ஓடணும். அதுக்குப் பின்னாடி இருக்கிற சந்துகளுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. நிலநடுக்கத்தை விடுங்க, தீப்பிடித்தால் வண்டி உள்ளே வருமா? பூஜ்காரர்கள் அந்த அகலத்தை எல்லாம் இழந்த பிறகு வாங்கினார்கள். நாம் வீடு கட்டும்போதே மூணு அடி தள்ளிக் கட்டினால் போதும். மாமாகிட்ட சொல்லியிருக்கேன். சுவர் ஒண்ணு வைக்கிறதா ஒத்துக்கிட்டார். மூணு அடிக்கு இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது.